அந்த அழுகை என்னுடையது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் உறுப்பு மாற்று சிகிச்சை பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 'இதயத்தோடு அதைக் கொடுத்தவரின் நினைவுகளும் விருப்பங்களும் வந்து சேர்கின்றன என்பது நிரூபணமாகிவிட்டது' என்று அதில் ஒரு வரி. எனக்கு இதயம் மாற்றி 11 ஆண்டுகள் ஆகின்றன. அந்த வரியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கே, யார் நிரூபித்தார்கள் என்று கட்டுரையில் இல்லை. 1992இல் வியன்னாவில் மாற்று இதயம் பெற்ற 47 பேரிடம் கேட்டு வெளியிட்ட ஆய்வு உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 79 சதவீதம் பேர் தங்கள் குணம் மாறவில்லை என்றார்கள். 15 சதவீதம் பேர், மாறியது உண்மை, ஆனால் சாவைத் தொட்டுவிட்டு வந்ததால் மாறியது என்றார்கள். கொடுத்தவரின் இதயம்தான் காரணம் என்றவர்கள் மூன்றே பேர். அதுவும் அவர்களுடைய உணர்வு. சோதித்து உறுதி செய்தது அல்ல.

இதயத்தில் சுமார் 40,000 நரம்பணுக்கள் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். சரிதான். அவற்றின் வேலை துடிப்பை ஒழுங்குபடுத்துவது. நினைவு தங்கும் மூளையில் இருப்பவை சுமார் 8,600 கோடி. அதை ஏன் பக்கத்திலேயே சொல்லவில்லை?

அறுவை சிகிச்சையில் இதயத்துக்குப் போகும் நரம்புகளை வெட்டித்தான் எடுக்கிறார்கள். முதல் ஆண்டில் நான் திடுக்கிட்டால் நெஞ்சு உடனே படபடக்காது. ரத்தத்தில் அட்ரினலின் ஏறிய பிறகு, பயந்ததே மறந்துபோன நேரத்தில் துடிப்பு கூடும். சும்மா படுத்திருந்தாலும் நாடி 95க்குக் குறையாது. என் பயமே அந்த இதயத்துக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. அது எப்படி இன்னொருவரின் பழைய நினைவை எனக்குச் சொல்லும்?

அந்த ஆண்டில் எனக்குத் தீராத பசி. நள்ளிரவில் எழுந்து இனிப்பைத் தேடுவேன். காரணமில்லாமல் அழுவேன், வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுவேன். 'இது அவருடைய குணம்' என்று உறவினர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். கொடுத்தவர் யார் என்று எங்களுக்குச் சொல்லப்படவில்லை. அப்படியிருந்தும் முகம் தெரியாத ஒருவர் மீது கோபக்காரர் என்ற பழியைப் போட்டார்கள். புதிய இதயத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க நான் சாப்பிட்டுவந்த ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோலோன் மாத்திரையின் அளவை மருத்துவர் படிப்படியாகக் குறைத்தார். பசியும் கோபமும் அடங்கின. அழுகை மட்டும் சில நாட்கள் வந்தது. ஒரு குடும்பம் துக்கத்தில் இருந்த நாளில் எனக்கு உயிர் கிடைத்தது என்ற நினைப்பில் வந்த அழுகை அது. அதைக்கூட இன்னொருவருடையது என்று என்னிடமிருந்து பறிப்பது நியாயமா?

மூன்று ஆண்டுகளுக்கு முன் உங்கள் இதழில் மூளைச்சாவைக் கோமா என்று எழுதினீர்கள். கோமாவிலிருந்து மீள வாய்ப்பு உண்டு, மூளைச்சாவிலிருந்து மீள்வதில்லை என்று விளக்கிக் கடிதம் அனுப்பினேன். பிரசுரிக்கவும் இல்லை, பதிலும் இல்லை. பழைய இதழ்களை எடுத்து வைக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் கண்ணில் படுகிறது. 'இன்னும் உயிர் இருக்கிறதோ' என்ற சந்தேகத்தோடு, பிள்ளையின் உறுப்புகளைத் தானம் செய்யக் கையெழுத்துப் போட வேண்டிய நிலையில் ஒரு தாய் அதைப் படித்திருந்தால் என்ன ஆகியிருப்பாள்? இப்போது இந்தக் கட்டுரை. கையெழுத்துப் போட்ட தாய் இதைப் படித்தால் தன் பிள்ளையின் நினைவைத் தேடி யாரோ ஒருவர் வீட்டு வாசலில் போய் நிற்க மாட்டாளா? அவள் என் வாசலுக்கு வந்தால் நான் காலில் விழுந்து நன்றி சொல்வேன். ஆனால் அவள் கேட்பதற்கு என்னிடம் பதில் இருக்காது.

உங்கள் இதழை 20 ஆண்டுகளாகப் படிக்கிறவன் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன். அடுத்த இதழில், அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், 'இது நிரூபணமாகவில்லை' என்று இரண்டு வரி போடுங்கள். இந்தக் கடிதத்துக்கு இடம் இல்லையென்றாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
மாற்று இதயம் பெற்ற ஒரு வாசகர்