சூவாவில் இருக்கும் மகளுக்கு

அன்பு கயல்,

துவைத்த துணி இரண்டு மூன்று நாளானாலும் காய மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாய். பிஜித் தலைநகர் சூவா அப்படித்தான் அம்மா. தென்கிழக்குக் காற்று கடல் ஈரத்தை அள்ளி வந்து வீத்தி லேவு தீவின் மலைகளில் முட்டி, உங்கள் பக்கமே கொட்டிவிடுகிறது. அதே தீவின் மேற்கே நாண்டி, லவுத்தோக்கா எல்லாம் மலை மறைவு, வெயில் காயும். கரும்பு அங்கேதான். அந்தக் கரும்புக்காகத்தான் 1879 முதல் 1916 வரை நம் நாட்டிலிருந்து சுமார் 60,000 பேரைக் கப்பலேற்றினார்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் ஆள் போனது.

"எங்கே பார்த்தாலும் நம் ஆட்கள், வெளியூர் மாதிரியே இல்லை" என்று நீ எழுதியது எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அவர்களோடு மட்டும் பழகிவிட்டுத் திரும்பிவிடாதே. பிஜியின் நிலத்தில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு பூர்வகுடிகளான இத்தாவுக்கேய் குலங்களுக்குச் சொந்தம். விற்க முடியாது, குத்தகைக்குத்தான் விடலாம். குத்தகை முடிந்து, தாத்தா காலத்துக் காட்டை விட்டு வெளியேறிய நம்மவர் வருத்தமும் நிஜம். குலத்து மண் கைவிட்டுப் போய்விடுமோ என்ற அவர்கள் பயமும் நிஜம். நம்மவர் ஆதரவு பெற்ற அரசை ராணுவம் கவிழ்த்த 1987 ஆட்சிக் கவிழ்ப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு பக்கமும் கேள்.

யாராவது தங்கள் கிராமத்துக்குக் கூப்பிட்டால் யங்கோனா (கவா பானம் கரைக்கும் வேர்) கட்டு ஒன்று வாங்கிப் போய்த் தலைவர் முன் வை. தொப்பி போடாதே. குழந்தையானாலும் தலையைத் தொடாதே. அதைக் கரைத்துத் தேங்காய்ச் சிரட்டையில் கொடுப்பார்கள். ஒருமுறை கைதட்டி வாங்கி, ஒரே மூச்சில் குடி. நாக்கு கொஞ்சம் மரத்துப் போகும், பயப்படாதே.

பிஜியிலேயே இருக்கும் ராம்பித் தீவின் மக்களைச் சந்தித்தால் அவர்கள் கதையைக் கட்டாயம் கேள். அவர்கள் சொந்த ஊர் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பனாபா, இன்று கிரிபாட்டி நாட்டைச் சேர்ந்தது. பாஸ்பேட்டுக்காக அந்தச் சின்னத் தீவைத் தோண்டித் தோண்டி எடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பிடித்து அங்கிருந்த மக்களைச் சிதறடித்தார்கள். போர் முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் அவர்களை ஊருக்கு அனுப்பாமல், 1945 டிசம்பரில், புயல் காலத்தில், ராம்பியில் கூடாரம் போட்டு இறக்கிவிட்டார்கள். தோண்டுவது மட்டும் 1979 வரை நிற்கவில்லை. இதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

தீபாவளிக்கு அங்கே அரசு விடுமுறையாமே. மேற்கே போய் நாண்டி முருகனைப் பார்த்துவிட்டு வா. ஆலை ஓடும் காலம் அது. கரும்பு ஏற்றிப் போகும் குட்டி ரயில் கண்ணில் பட்டால் எனக்கொரு படம் அனுப்பு.

அன்புடன்,
அப்பா