ஏரிகளை நிர்வகிப்போருக்கு: மிதவை விமானங்களுக்கு ஒரு மூலையை ஒதுக்குங்கள்

ஏரிகளையும் நீர்த்தேக்கங்களையும் நிர்வகிக்கும் அலுவலர்களுக்கும் குழுக்களுக்கும்,

வணக்கம்.

ரேடியோ மூலம் இயங்கும் மாதிரி விமானங்களில் சக்கரத்துக்குப் பதிலாக மிதவைகளைப் பொருத்தி, நீரிலிருந்து ஏற்றி நீரிலேயே இறக்குகிறவர்களில் நானும் ஒருவன். ‘பறக்கும் பொருள்களுக்கு அனுமதி இல்லை’ என்று ஏரிக்கரைப் பலகைகளில் இருக்கும் ஒற்றை வரியைப் பார்க்கும்போதெல்லாம் எழுத நினைத்த மடல் இது. விதியே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அந்த ஒற்றை வரி இருக்கும் இடத்தில் இன்னும் கடுமையான, ஆனால் பொருத்தமான விதிகளை எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். வானத்தை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட தடை அது. மிதவை விமானத்தால் வரக்கூடிய ஆபத்தில் பெரும்பகுதி நீரில் இருக்கிறது. அதை அந்தத் தடை தொடவே இல்லை.

கரையில் நின்று பார்ப்பவருக்குச் சில நிமிட விளையாட்டாகத் தெரிவதற்குள் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். விதி எழுதுகிறவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

மோட்டாருக்கு விசை கொடுத்தவுடன் விமானம் மூக்கைத் தூக்கி, வாலைத் தாழ்த்தி, நீரை உழுதுகொண்டு நகர்கிறது. இழுவை மிக அதிகமாக இருக்கும் கட்டம் இது. வேகம் கூடக் கூட மிதவையின் அடிப்பகுதி நீரை அழுத்தி மேலெழுகிறது. பிறகு ஓட்டாஞ்சில்லு தத்திப் போவதைப்போல் நீரின் மேலோடு வழுக்கத் தொடங்குகிறது. மிதவையின் அடியில், விமானத்தின் எடை மையத்துக்குச் சற்றுப் பின்னால், ஒரு சிறிய படி இருக்கும். வளைந்த பரப்பை ஒட்டிக்கொண்டு ஓடும் நீர் அந்தப் பரப்பைக் கீழே இழுக்கும். படியின் விளிம்பில் அந்த ஓட்டம் அறுபடுகிறது, பின்னால் காற்று புகுகிறது, மிதவையின் பின்பாதி விடுபடுகிறது. அந்தப் படி இல்லாவிட்டால், மோட்டாரில் வலு மிச்சம் இருந்தாலும் விமானம் நீரோடு ஒட்டிக்கொண்டே ஓடும்.

இதனால்தான் அசைவற்றுக் கிடக்கும் நீர் எங்களுக்கு உகந்ததல்ல. சிற்றலை இருந்தால் மிதவைக்கு அடியில் காற்று எளிதாகப் புகும். துளி அசைவும் இல்லாத நாளில் நீர் விமானத்தை விடாது. அப்போது விமானத்தையே ஓரிரு வட்டம் ஓட்டி, அது எழுப்பிய அலையின் மேல் ஏறிப் பறப்பதும் உண்டு. இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அனுமதி கேட்டால் ‘விடியற்காலை அமைதியான நேரம்தானே உங்களுக்கு வேண்டும், அது பறவைகள் இரைதேடும் நேரமாயிற்றே’ என்று மறுப்பார்கள். அந்த மறுப்பு நியாயமானது. ஆனால் விடியற்காலை எங்களுக்குத் தேவையே இல்லை. வெயில் ஏறி, மெல்லிய காற்று எழுந்து, மீன்பிடிப்பவர்களும் பறவைகளும் தங்கள் வேலையை முடித்த பிறகு வரும் இரண்டு மணி நேரம் போதும். சொல்லப்போனால் அதுவே எங்களுக்கு நல்ல நேரம்.

இனி ஆபத்துக்கு வருகிறேன். மாதிரி விமானம் என்றால் ஆகாயத்திலிருந்து விழுவதுதான் பலருக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. மிதவை விமானத்துக்கு அடிக்கடி நேர்வது வேறு: நீரில் ஊர்ந்து போகும்போது கவிழ்வது. வாலில் நிற்கும் செங்குத்துத் தகட்டைக் காற்று பின்னால் தள்ளுவதால், நீரில் நிற்கும் விமானம் எப்போதும் காற்றை நோக்கியே மூக்கைத் திருப்பும். சக்கரம்போல் தரையைப் பற்றிக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. மிதவையின் பின்னால் இருக்கும் சிறிய நீர்ச்சுக்கான் ஓரளவுக்குத்தான் உதவும். பலத்த காற்றில், காற்றுக்குக் குறுக்கே திருப்ப முயன்றால் ஒரு பக்க இறக்கை தூக்கப்பட்டு, மறுபக்க இறக்கை நுனி நீரில் முங்கி, விமானம் புரண்டுவிடும். பழகியவர்கள் அந்த மாதிரி நேரத்தில் திருப்புவதே இல்லை. மோட்டாரின் விசையைக் குறைத்து, காற்று தள்ளும் திசையில் பின்னோக்கி மிதக்கவிட்டே கரைசேர்ப்பார்கள்.

கவிழ்ந்த விமானத்தால் யாருக்கும் காயம் இல்லை. ஆனால் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நாம் இன்று பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை நீருக்குள் போகாது. ரிசீவரின் ஆன்டெனா மூழ்கிய கணத்தில் கட்டுப்பாடு போய்விடும். இனி அந்த விமானத்தின் போக்கைத் தீர்மானிப்பது காற்று மட்டுமே. காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அங்கே போய் ஒதுங்கும். அந்தக் கரை வெறும் மணலாகவோ புல்லாகவோ இருந்தால் நடந்துபோய் எடுத்து வரலாம். அது நாணல் புதராக இருந்தால்?

முக்குளிப்பான் போன்ற பறவைகள் தாவரத் தண்டுகளைச் சேர்த்து, நீரிலேயே மிதக்கும் கூடு கட்டுகின்றன. ஒரு விமானத்தைத் தேடி அந்தப் புதருக்குள் படகைச் செலுத்துகிறவர், தலைக்குமேல் ஒருமுறை பறந்து போன விமானத்தைவிட அதிகக் கேடு செய்துவிட முடியும். ஆகவே உங்கள் விதியில் முதல் இடம் பெற வேண்டியது உயர வரம்போ வேக வரம்போ அல்ல, காற்றின் திசை என்பது என் உறுதியான கருத்து. நாணலை நோக்கிக் காற்று அடிக்கும் நாளில் யாரும் விமானத்தை நீரில் இறக்கக்கூடாது. கூடு கட்டும் பருவத்தில் எந்தக் காற்றிலும் கூடாது. அந்த மாதங்கள் முழுவதும் மூடிவிடுங்கள். இதை நாங்களாக விரும்பிக் கேட்கிறோம்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. நடு ஏரியில் மிதக்கும் விமானத்தைக் கண்டதும் அதன் சொந்தக்காரருக்கு வரும் முதல் எண்ணம் சட்டையைக் கழற்றிவிட்டு நீந்திப் போய் எடுத்துவிடலாம் என்பது. கரையிலிருந்து பார்க்கும்போது நீரில் தூரம் குறைவாகத் தெரியும். குளிர்ந்த நீர் சில நிமிடங்களில் கை கால்களின் வலுவைப் பறித்துவிடும். பாசிக்கொடி காலைச் சுற்றிக்கொள்ளும். காற்றோ விமானத்தை இன்னும் தொலைவுக்குத் தள்ளிக்கொண்டே போகும். நுரைப்பலகையும் மோட்டாரும் சேர்ந்த ஒரு பொருளுக்காக ஒரு மனிதர் மூழ்கிப்போவதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது. எனவே விதியில் தெளிவாக எழுதுங்கள்: விமானத்தை எடுக்க யாரும் நீரில் இறங்கக்கூடாது, எந்தக் காரணத்துக்காகவும். முதல் விமானம் நீரைத் தொடும் முன்பே துடுப்புப் படகு ஒன்று கரையில் தயாராக இருக்க வேண்டும். படகில் ஏறுகிறவர் உயிர்காப்பு உடை அணிந்திருக்க வேண்டும், கரையில் இன்னொருவர் அவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மற்ற விமானங்கள் எல்லாம் தரையிறங்கிய பிறகே படகு புறப்பட வேண்டும். கரைக்கு அருகில் நின்றுபோன விமானத்துக்குப் படகுகூட வேண்டாம். தூண்டில் கழியின் நரம்பில் டென்னிஸ் பந்தைக் கட்டி, விமானத்துக்கு அப்பால் விழும்படி வீசி, மெல்ல இழுத்துக் கொண்டுவரும் பழக்கம் எங்களிடம் நெடுங்காலமாக உண்டு. படகு இல்லாத குழுவுக்கு அனுமதி கொடுக்காதீர்கள். படகு இல்லாமல் தனியாக வந்து நிற்பவர் எவ்வளவு திறமைசாலியானாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

விமானம் நீருக்குள் கொண்டுபோகும் பொருள்களைப் பற்றியும் நீங்கள் கேட்க வேண்டும். மெத்தனாலில் ஓடும் சிறிய எஞ்சின்களின் எரிபொருளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மசகு எண்ணெய். அதில் பெரும்பகுதி எரியாமல் புகையோடு வெளியே வந்து நீரின் மேல் படலமாகப் படியும். எஞ்சினின் ஓசையை உயிராக நேசிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் வருத்தப்பட்டாலும், ஏரியில் மின்மோட்டார் மட்டும் என்று சொல்வதுதான் சரி. வலுவான மோட்டார்களும் லித்தியம் பேட்டரிகளும் பரவலாகிவிட்ட இந்தக் காலத்தில் இது யாரையும் பறக்கவிடாமல் தடுக்காது. ஓசையைப் பற்றிய புகாரும் பெருமளவு அடங்கிவிடும்.

பேட்டரிக்கும் கவனம் தேவை. நீரில் நனைந்த அல்லது அடிபட்ட லித்தியம் பாலிமர் பேட்டரி உடனே ஒன்றும் ஆகாததுபோல் இருந்துவிட்டுப் பிறகு தீப்பிடிக்கக்கூடும். கரையில் ஒரு வாளி மணல் இருக்க வேண்டும். நனைந்த பேட்டரியைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பக்கூடாது. மூழ்கிய விமானத்தை ஏரியில் விட்டுவிட்டுப் போவதும் கூடாது. மூழ்காமல் இருப்பதற்கே வழி செய்யலாம். ஆட்கள் ஏறிச் செல்லும் சிறிய விமானங்களின் மிதவைகளுக்கான அமெரிக்க விதி, சுமக்க வேண்டிய எடையைவிட 80 சதவீதம் கூடுதலான மிதப்புத் திறனும், குறைந்தது நான்கு நீர்புகா அறைகளும் வேண்டும் என்று சொன்னது. ஓர் அறை ஓட்டையானாலும் மற்றவை தாங்கும். மாதிரி விமானத்துக்கு அறைகள் தேவையில்லை. மிதவைக்குள் நுரை நிரப்பினால் போதும். நுரை நிரப்பாத உள்ளீடற்ற மிதவைகளை ஏற்க வேண்டாம் என்று தாராளமாகச் சொல்லலாம். இன்னொரு சோதனையும் இருக்கிறது. பறக்கும் முன், விமானத்தைக் கரையில் ஒருவர் இறுகப் பிடித்துக்கொள்ள, மோட்டார் ஓடும்போதே டிரான்ஸ்மிட்டரை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். சிக்னல் போனவுடன் மோட்டார் தானாக நிற்க வேண்டும். நிற்காத விமானம் அன்று நீரில் இறங்கக்கூடாது.

சூழலியலில் அக்கறை உள்ளவர்கள்கூட மறந்துவிடும் ஒன்று உண்டு. மிதவைக்குள் கசிந்த ஒரு கரண்டி நீர், ஓர் ஏரியின் உயிர்களை இன்னோர் ஏரிக்குக் கொண்டுபோய்விட முடியும். வரிச்சிப்பிகள் என்னும் அயல்நாட்டுச் சிறு சிப்பிகள் 1988இல் வட அமெரிக்காவின் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்டன; பெரிய கப்பல்களின் அடியில் நிரப்பி வரும் நீரோடு வந்தவை என்று கருதப்படுகிறது. அவற்றின் இளம் உயிரிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. அங்கிருந்து ஏரி ஏரியாகப் பரவியதில் சிறு படகுகளுக்கும் பங்கு உண்டு. ஆகாயத்தாமரையும் நீர்ச்சுக்கானில் சிக்கிய ஒரு துண்டிலிருந்தே புதிய இடத்தில் பெருகிவிடும். எனவே மிதவைகளைக் கழுவி, அடைப்பைத் திறந்து நீரை வடித்து, முழுவதும் உலர்த்திய பிறகே அடுத்த ஏரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்ற நிபந்தனையைப் போடுங்கள். படகுக்காரர்களுக்கும் மீன்பிடிப்பவர்களுக்கும் பல ஏரிகளில் இந்த விதி ஏற்கெனவே இருக்கிறது. எங்களுக்கும் அது பொருந்தும்.

டிரோன்களையும் எங்களையும் ஒரே வரியில் அடைத்துவிடுவதுதான் எங்களுக்கு வருத்தம் தருகிறது. டிரோன் ஓரிடத்தில் நின்று கேமராவால் கீழே பார்க்கக்கூடியது. அதனால் மக்களுக்கு அந்தரங்கம் பற்றிய கவலை வருவது இயல்பு. மிதவை விமானத்தால் ஓரிடத்தில் நிற்கவே முடியாது. அதை ஓட்டுகிறவர் தன் கண்ணுக்கு முன்னால், நீரின் மேலேயே வட்டமிட்டு இறங்குகிறார். கேமரா கூடாது என்று நிபந்தனை போட்டாலும் எங்களில் பெரும்பாலோருக்கு இழப்பு இல்லை. ஆட்கள் நீந்தும் பகுதியிலிருந்து வெகு தொலைவு தள்ளி நிற்கச் சொல்வதும் சரியே. சுழலும் புரொப்பல்லர் சதையைக் கிழிக்கும் என்பதை நாங்கள் மறைக்க மாட்டோம்.

இவ்வளவு தொல்லை ஏற்றுக்கொண்டு ஏன் ஏரி வேண்டும், வயல்வெளி போதாதா என்று நீங்கள் கேட்கலாம். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அதை எதிர்நோக்கி ஓடுவதற்கு நீளமான, மேடு பள்ளமில்லாத பரப்பை ஏரிதான் தருகிறது. விமானத்தின் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. ஆன்ரி ஃபாப்ர் என்ற பிரெஞ்சுக்காரர் 1910 மார்ச் 28 அன்று பெர் என்னும் உவர்நீர் ஏரியிலிருந்து, மோட்டார் விசையால் நீரை விட்டு எழுந்த முதல் விமானத்தை ஓட்டினார். அதற்கு முன் அவர் எந்த விமானத்தையும் ஓட்டியதில்லை. 1913 முதல் 1931 வரை நடந்த ஷ்னைடர் கோப்பைப் போட்டி முழுக்க முழுக்க நீர்விமானங்களுக்கானது. அவை அந்தக் காலத்தின் மிக வேகமான விமானங்களுள் இருந்ததற்கு, நீரில் எவ்வளவு நீளமாகவும் ஓடி எழலாம் என்பது ஒரு காரணம். 1934இல் இத்தாலியின் கார்டா ஏரியில் பிரான்செஸ்கோ அஜெல்லோ மணிக்கு 709 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். பிஸ்டன் எஞ்சின் கொண்ட நீர்விமானங்களில் அந்தச் சாதனை இன்றும் முறியடிக்கப்படவில்லை. ஒரு சிறுமி தன் கையால் ஒட்டிய மிதவைகள் நீரை விட்டுப் பிரியும் கணத்தைப் பார்க்கும்போது, இந்த வரலாற்றில் தனக்கும் இடம் இருப்பதாக உணர்கிறாள். மிதப்பு, இழுவை, காற்று, எடை மையம் என்று பாடப்புத்தகத்தில் தனித்தனியாகக் கிடந்தவை அவளுக்கு அங்கே ஒன்றுசேர்கின்றன. நான் பார்த்த எந்த வகுப்பறையிலும் இவ்வளவு விரைவாக அது நடந்ததில்லை.

என் வேண்டுகோள் சிறியது. ஏரி முழுவதும் வேண்டாம். நாணல் இல்லாத ஒரு கரை, வாரத்தில் ஒரு நாள், முற்பகலில் இரண்டு மணி நேரம்; அதுவும் முதலில் ஒரு பருவத்துக்கு மட்டும் சோதனையாகக் கொடுங்கள். விமானத்தின் மேல் உரிமையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று கேளுங்கள். பறவைகளைக் கவனிக்கும் ஆர்வலர் ஒருவரைக் கரையில் அமர்த்துங்கள். அவர் கை உயர்த்தினால் விமானங்கள் இறங்கிவிடும். ஏரியில் ஏற்கெனவே உரிமையோடு மீன்பிடிப்பவர்களிடமும் படகோட்டுபவர்களிடமும் கேட்ட பிறகு நேரத்தை முடிவு செய்யுங்கள். பருவம் முடிந்ததும் எத்தனை விமானங்கள் கவிழ்ந்தன, எத்தனை முறை படகு போனது, பறவைகள் எத்தனை முறை கலைந்து பறந்தன என்ற பதிவேட்டைப் பார்த்துவிட்டு, தொடரலாமா வேண்டாமா என்று தீர்மானியுங்கள். அந்தப் பதிவேட்டை எழுதும் வேலையை நாங்கள் ஏற்கிறோம், சரிபார்ப்பது உங்கள் ஆளாக இருக்கட்டும்.

விதிகளை எழுத நீங்கள் கூடும் நாளில் எங்களில் ஒருவரையும் அழையுங்கள். மிதவையோடு ஒரு விமானத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, நீங்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்கிறோம்.

இப்படிக்கு,
மிதவை விமானம் ஓட்டும் ஓர் ஆர்வலர்