குக்கரை அணைத்தவருக்கும் மற்றவர்களுக்கும்

அன்புடையீர்,

சென்ற சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் ஃபாதரிங்கே என்ற பிரிட்டிஷ் நாட்டுப்புற ராக் குழுவின் இசைத்தட்டைச் சேர்ந்து உட்கார்ந்து கேட்டோமே, அதற்குப் 10 பேர் வந்தால் அதிகம் என்று நினைத்திருந்தேன். 22 பேர் வந்தீர்கள். எல்லோருக்கும் போனில் நன்றி சொல்லத் தொடங்கி, ஆறாவது ஆளோடு தொண்டை கட்டிக்கொண்டது. ஆகவே இந்த மடல்.

என் டர்ன்டேபிளின் பெல்ட் அன்று காலையில்தான் அறுந்தது. மாடிவீட்டு அண்ணா தன்னுடையதைத் தூக்கிவந்தார். ஊசியின் அழுத்தத்தைச் சரிபார்த்து முடிக்கும்வரை யாரையும் கிட்டே அண்டவிடவில்லை.

1970-இல் ஐலண்ட் நிறுவனம் வெளியிட்ட அசல் தட்டை நம்பிக் கொடுத்த அம்மாவுக்கு நன்றி. குழுவினரைப் பழங்கால உடையில் தீட்டிய அட்டைப்படத்தைக் குழந்தைகள் விடவே இல்லை. வரைந்தவர் குழுவின் பாடகர்களில் ஒருவரான ட்ரெவர் லூகாஸின் சகோதரி என்றதும், "எல்லோருக்கும் ஏன் இப்படி உடுத்திவிட்டார்?" என்று ஒரு வாண்டு கேட்டது. என்னிடம் பதில் இல்லை.

பாடகி சாண்டி டென்னி ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற குழுவைவிட்டு வந்து தொடங்கிய குழு இது. ஓராண்டுகூட நிற்கவில்லை, 1971 ஜனவரியில் கலைந்தது. ஆஸ்திரேலியக் கொள்ளைக்காரன் நெட் கெல்லியைப் பற்றி ட்ரெவர் லூகாஸ் பாடும் பாட்டுதான் உசத்தி என்று வாதாடிய நண்பருக்கும் நன்றி, ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

என் பெரிய கடன் தமிழாசிரியைக்கு. கடைசிப் பாடலான 'பேங்க்ஸ் ஆஃப் தி நைல்' பழைய நாட்டுப்பாடல். எகிப்துப் போருக்குப் புறப்படும் காதலனிடம், கூந்தலை வெட்டிக்கொண்டு ஆண் வேடத்தில் கூடவே வருகிறேன் என்கிறாள் அவள், அவன் மறுக்கிறான். ஆசிரியை முழுப்பாட்டையும் தமிழில் எழுதிவந்திருந்தார். அவளது மெல்லிய இடையைக் காரணம் காட்டி அவன் மறுக்கும் இடத்தில் 'நுண்ணிடை' என்று எழுதி அடித்து, 'சிற்றிடை' என்று எழுதி அதையும் அடித்து, கடைசியில் வெறும் 'இடுப்பு' என்று விட்டிருந்தார். அந்தப் பாட்டுக்கு அதுதான் பொருந்துகிறது. சாண்டியும் அழுகையைக் குரலில் ஏற்றாமல், பக்கத்து வீட்டுச் சேதி சொல்வதுபோலத்தானே பாடுகிறார்?

ஏறத்தாழ 8 நிமிடம், யாரும் இருமக்கூட இல்லை. நடுவில் சமையலறையில் குக்கர் சீறத் தொடங்கியது. விசில் வருமுன் பாய்ந்துபோய் அடுப்பை அணைத்த சித்திக்குக் கோவிலே கட்டலாம்.

இன்னொரு நன்றி குழுவில் கிதார் வாசித்த ஜெர்ரி டொனகியூவுக்கு. இந்த மடல் அவருக்குப் போய்ச் சேராது என்றாலும். பாதியில் நின்ற இரண்டாவது ஆல்பத்தை 2008-இல் முடித்து வெளியிட்டவர் அவர். சாண்டி 31 வயதிலேயே, 1978-இல் போய்விட்டார். லூகாஸும் 1989-இல் இறந்தார். அந்த இரண்டாவது ஆல்பத்தையும் ஒரு நாள் கேட்கலாம், மாடி அண்ணா மனம் வைத்தால்.

ஒரு கறுப்புக் குடையும் குழந்தையின் ஒற்றைச் செருப்பும் இங்கே கிடக்கின்றன. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளவும். ஆசிரியையின் தாளும் என்னிடம்தான் இருக்கிறது. அதை மட்டும் அவரே கேட்டாலும் கொடுப்பதாக இல்லை.