கரடித் தட்டு

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. முழங்கால் ஆபரேஷனை நீ தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறாய் என்று தங்கச்சி ஓரத்தில் இரண்டு வரி சேர்த்து எழுதியிருந்தது. ஒன்று சொல்கிறேன், கேள். இங்கிலாந்தில் நான் இருக்கும் இந்த ஸ்டோக் பக்கத்துப் பீங்கான் தொழிலுக்கே பிதாமகர் ஜோசையா வெட்ஜ்வுட். சின்ன வயதில் பெரியம்மை வந்து அவருக்கு வலது முழங்கால் கெட்டுப்போனது. 1768-இல் காலையே எடுத்துவிட்டார்கள். மயக்க மருந்து வராத காலம் அது. மறு வருஷமே மரக்காலோடு எட்ரூரியாவில் புதுத் தொழிற்சாலையைத் திறந்தார் மனுஷன். நீ ஊசிக்குப் பயப்படுகிறாய்.

சரி, என் சங்கதிக்கு வருகிறேன். ரிட்டயர் ஆனதிலிருந்து எனக்கு ஏலக்கூடப் பைத்தியம் பிடித்திருக்கிறது. இந்தச் சனிக்கிழமை பக்கத்து ஊரில் பழைய பீங்கான் ஏலம். வியாழனன்று பொருள்களைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள், போய் மூன்று மணி நேரம் நின்றேன். கணப்பு மாடத்தில் ஜோடியாக வைக்கும் நாய் பொம்மைகள், மூடி தொலைந்த சூப் பாத்திரங்கள், வில்லோ தட்டுகள் ஒரு அடுக்கு. வில்லோ டிசைன் உனக்குத் தெரியும்: பாலம், அதன்மேல் மூன்று பேர், வானத்தில் இரண்டு பறவை. சீனக் காதல் கதை என்பார்கள். தட்டை விற்க இங்கிலீஷ்காரர்களே கட்டிவிட்ட கதை அது.

இந்த ஊரில் எல்லாருக்கும் ஒரு வியாதி, ஹோட்டலில் சாப்பிட உட்கார்ந்தாலும் தட்டைக் கவிழ்த்து முத்திரையைப் பார்ப்பார்கள். எனக்கும் தொற்றிவிட்டது. முதுகில்தான் ஜாதகம் இருக்கிறது. வைரக்கட்டம் போல ஒரு முத்திரை இருந்தால் 1842-க்கும் 1883-க்கும் நடுவில் பதிவான டிசைன். ‘இங்கிலாந்து’ என்று இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிறகு. அமெரிக்கா போட்ட இறக்குமதிச் சட்டத்தால் வந்த வழக்கம். முத்திரையே இல்லாவிட்டாலும் அடிவளையத்தில் மெருகு தேங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். லேசாக நீலம் ஓடினால் அது பேர்ல்வேர் என்கிற வெள்ளை மண்பாண்ட வகை. அப்புறம் நம்மூரில் மண்பானை வாங்குவது மாதிரி சுண்டிப் பார்ப்பது. எலும்புச் சாம்பல் கலந்த போன் சைனா கோப்பை கணீரென்றது. அதில் பாதிக்குப் பாதி மாட்டெலும்புச் சாம்பல் என்று உன் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே, அலமாரியில் இருக்கும் செட்டைத் தெருவில் வைத்துவிடுவார்.

இதையெல்லாம் தாண்டி ஒரு தட்டு என்னைப் பிடித்து நிறுத்தியது. நீல அச்சு, ஸ்போடு என்ற பீங்கான் கம்பெனி செய்தது. பின்பக்கம் நீல எழுத்தில் ‘கரடியின் மரணம்’ என்று தலைப்பு. வங்காளத்தில் இருந்த கேப்டன் வில்லியம்சன் என்பவர் இந்திய வேட்டைகளைப் பற்றி எழுதிய புத்தகம் 1807-இல் வந்தது. அதில் சாமுவேல் ஹோவிட் என்ற ஓவியர் வரைந்த படங்களைத்தான் ஸ்போடு அப்படியே தட்டில் ஏற்றினார்கள். வறுத்த மாட்டிறைச்சியைத் தின்று முடித்தால் அடியில் கரடி செத்துக்கொண்டிருக்கும். என்ன ரசனையோ!

வேலைப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. செப்புத் தகட்டில் செதுக்கி, மையை மெல்லிய காகிதத்தில் ஒற்றி, அதைத் தட்டில் ஒட்டித் தேய்த்து, காகிதத்தைத் தண்ணீரில் கழுவி எடுப்பார்கள். விளிம்புக்குக் காகிதத்தைத் துண்டுதுண்டாக வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒரு இடத்தில் மரக்கிளை பாதியில் நின்று, அரை விரற்கடை தள்ளி வேறொரு கிளை தொடங்குகிறது. அதை ஒட்டியது ஏதோ ஒரு சின்னப் பெண்ணாக இருக்கலாம். சாயங்கால நேரமோ என்னவோ.

இந்தத் தட்டு சுண்டினால் ‘டொக்’ என்கிறது. இரண்டாக உடைந்தது. பின்னால் ஐந்து பித்தளைக் கவ்விகள், பேப்பர் பின் அடித்த மாதிரி. நுனியில் வைரம் வைத்த துளைப்பானால் முன்பக்கம் வராதபடி பாதி ஆழம் மட்டும் குடைந்து, கம்பியை இறுக்கி மாட்டியிருக்கிறார்கள். நம் தெருவில் ‘ஈயம் பூசறதே, ஓட்டை அடைக்கிறதே’ என்று கூவி வருவாரே, அந்த ரக வேலை. யாரோ ஒரு வீட்டில் இதைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. தடவிப் பார்த்தால் முன்பக்கம் ஒரு மயிரிழைதான் தட்டுப்படுகிறது.

உடைசல் என்பதால் நாற்பதிலிருந்து அறுபது பவுண்டு என்று மதிப்புப் போட்டிருக்கிறார்கள். சுத்தியல் விழும் விலைக்கு மேல் ஏலக்காரர் கமிஷன், அந்தக் கமிஷனுக்கு வரி, எல்லாம் சேர்த்தால் கால் பங்குக்கு மேல் ஏறிவிடும். அறுபதோடு கையை இறக்கிவிடுவேன் என்று எனக்கு நானே சத்தியம் பண்ணியிருக்கிறேன். போன தடவையும் பண்ணினேன். அதன் பலன் இப்போது குளியலறையில் டூத்பிரஷ் தாங்கி நிற்கிறது.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நீயும் போனில் உளறிவிடாதே. ஆபரேஷன் தேதியைக் குறித்துவிட்டு எழுது.

உன் பழைய ரூம்மேட்