உப்புக்காற்றில் ஒரு செஸ்னா

மஞ்சக்குப்பம், கடலூர்
2026 ஜனவரி, பொங்கல் கழிந்து

அன்புள்ள புருஷு,

டல்லாஸிலிருந்து நீ அனுப்பிய கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. இங்கே விற்பனைக்கு வந்திருக்கும் 1978 செஸ்னா 172என், நான்கு சீட், ஒரு என்ஜின் உள்ள சின்ன விமானம். வெளியே புதுப் பெயிண்ட், உள்ளே கடிகாரம் மாதிரிப் பழைய முள் மீட்டர்கள். ஊருக்குத் திரும்பி, அதை வாங்கி, புதுச்சேரி விமான நிலையம் இருக்கும் லாசுப்பேட்டையில் நிறுத்தி ஓட்டப்போவதாக எழுதியிருக்கிறாய். நல்ல ஆசைதான். ஆனால் நீ கேட்ட கேள்விகளில் இரண்டு பேனலை, அதாவது விமானியின் முன்னால் இருக்கும் கருவிப் பலகையைப் பற்றி, ஒன்று மின்சார விமானத்தைப் பற்றி. உப்பைப் பற்றி ஒன்றுகூட இல்லை. நான் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

"இரண்டு வருடத்தில் 11 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது" என்று விற்பவர் பெருமையாகச் சொல்கிறாரே, எனக்கு வயிற்றைக் கலக்குவது அந்த வரிதான். இதில் இருக்கும் லைகாமிங் என்ஜினில், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் கிராங்க் ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. என்ஜின் நின்றதும் ஆயில் வடிந்து கீழே போய்விடும். பிறகு, எண்ணெய் காட்டாமல் மூலையில் போட்ட தோசைக்கல் கதிதான் கேமுக்கும். முதலில் லேசான துரு. மறுபடி ஓட்டும்போது அந்தத் துருப்புள்ளியிலிருந்து, கேம் தள்ளும் லிஃப்டரின் முகம் செதில் செதிலாகப் பெயரும். பெயர்ந்த இரும்புத்தூள் ஆயிலோடு பேரிங்குக்குப் போகும். அதுவும் இந்த மாடலில் இருப்பது ஓ-320-எச்2ஏடி. கேமும் லிஃப்டரும் தேய்வதற்கென்றே பேர்பெற்ற என்ஜின். அதற்காகவே அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ 80-04-03 என்ற கட்டாய உத்தரவு (ஏடி) போட்டு, லைகாமிங்கின் எல்டபிள்யூ-16702 கலவையை ஆயிலில் சேர்க்கச் சொன்னது. ஏரோஷெல் 15டபிள்யூ-50 போன்ற ஆயில்களில் அது ஏற்கெனவே கலந்தே வருகிறது. இன்னொன்று, இதில் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இரண்டு மேக்னெட்டோவும் ஒரே பெட்டிக்குள், ஒரே ஷாஃப்ட்டில் ஓடுகின்றன. ஷாஃப்ட் போனால் இரண்டும் சேர்ந்து போகும்.

லாக் புத்தகத்தில் "ஓவர்ஹாலுக்குப் பின் 900 மணி" என்று, அதாவது முழுதாகப் பிரித்துப் புதுப்பித்தபின் ஓடிய நேரம் அவ்வளவுதான் என்று இருந்தால் பாதி ஆயுள் பாக்கி என்று கணக்குப் போடாதே. லைகாமிங் சொல்லும் வரம்பு 2,000 மணி அல்லது 12 வருடம், எது முதலோ அது. ஓவர்ஹால் தேதியைப் பார். பார்த்துவிட்டு, வாங்குவதற்கு முன் இதையெல்லாம் செய்யச் சொல். ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்புத்தாளைப் பிரித்து, காந்தத்தை ஓட்ட வேண்டும். கம்ப்ரஷன் சோதனையை என்ஜின் சூடாக இருக்கும்போது 80 பிஎஸ்ஐ கொடுத்துச் செய்ய வேண்டும். 60க்குக் கீழே போனால் காற்று எக்ஸாஸ்ட் வழியாக வருகிறதா, ஆயில் மூடி வழியாகவா என்று காதை வைத்துக் கேட்க வேண்டும். முன்னது வால்வு, பின்னது ரிங். சிலிண்டர் சுவரைப் போர்ஸ்கோப் என்ற குழாய்க் கேமராவில் பார்க்க வேண்டும். ஆனால் இது எதுவும் கேமைக் காட்டாது. கேமைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஒரு லிஃப்டரையோ சிலிண்டரையோ கழற்றித்தான் ஆக வேண்டும். விற்பவர் மறுத்தால், ஓவர்ஹால் செலவு முழுவதையும் விலையில் கழித்துக்கொண்டு பேரம் பேசு.

உடலிலும் உப்பு பூந்து விளையாடும். செஸ்னா 1986இல் 172 உற்பத்தியை நிறுத்தி, 1996இல்தான் மறுபடி தொடங்கியது. பழையவற்றில் தகடுகளின் உட்புறத்துக்குப் பிரைமர் அடித்துக் கொடுப்பது வழக்கமில்லை. உள்ளே வெறும் அலுமினியம். அதனால் புதுப் பெயிண்டைப் பார்த்து மயங்காதே. பெயிண்டுக்கு அடியில் புழு ஊர்ந்த மாதிரி மெல்லிய கோடுகள் எழும்பியிருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இறக்கைத் தாங்கி உடலோடு சேரும் அடிப்பகுதி, இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் ஃப்ளாப்பின் தண்டவாளம், பேட்டரிப் பெட்டியின் அடி, கம்பளத்துக்குக் கீழே வயிற்றுத் தகடு, இறக்கை நுனிப்பக்கம் ஆடும் எய்லரானின் கீல்கள், எல்லாவற்றையும் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கச் சொல். கட்டுப்பாட்டுக் கேபிள்கள் கப்பியைச் சுற்றும் இடத்தில்தான் இழை அறும். துணியால் உருவினால் அறுந்த இழை துணியில் மாட்டும். சீட் தண்டவாளத்துக்கும் தனி உத்தரவு உண்டு, 2011-10-09. ஓட்டைகள் தேய்ந்திருந்தால் டேக் ஆஃபில் மூக்கு தூக்கும்போது சீட் பின்னால் வழுக்கும், கை தன்னாலே யோக்கை (கட்டுப்பாட்டுச் சக்கரத்தை) இழுத்துவிடும். உயிர் போன கதைகள் உண்டு. செலவென்று பார்த்தால் சின்ன வேலை.

வாங்கியபின் இந்தக் கரையில் பராமரிக்கும் முறை டெக்சாஸ் பழக்கத்துக்கு ஒத்துவராது. வாரம் ஒருமுறை பறக்கணும். ஆயில் சூடு குறைந்தது 74 டிகிரியைத் தொட்டு, அரை மணியாவது அப்படியே நிற்க வேண்டும். அப்போதுதான் ஆயிலில் உள்ள ஈரம் ஆவியாகி வெளியேறும். தரையில் பத்து நிமிடம் ஓட்டி அணைப்பது சும்மா விடுவதைவிடக் கெடுதல். எரிந்த பெட்ரோலின் நீராவி உள்ளே தங்கிவிடும். ப்ரொப்பல்லரைக் கையால் சுற்றி வைப்பதும் உதவாது, ஒட்டியிருக்கும் கொஞ்ச ஆயிலையும் துடைத்துவிடும். ஒரு மாதத்துக்கு மேல் பறக்க முடியாது என்று தெரிந்தால் பாதுகாப்பு ஆயிலை ஊற்றி, மேல் ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டு ஈரம் உறிஞ்சும் பிளக்குகளைப் போடு. நீல நிறம் வெளிறி இளஞ்சிவப்பானால் மாற்று. ஃபில்டர் உள்ள என்ஜினுக்கு ஆயில் மாற்றம் 50 மணிக்கு அல்லது 4 மாதத்துக்கு ஒருமுறை. உன் விஷயத்தில் நான்கு மாதம்தான் முந்தும். உள் அறைகளுக்கு ஏசிஎஃப்-50 என்ற அரிப்புத் தடுப்புத் திரவம் தெளிக்கச் சொல், பிரேக் டிஸ்க்கில் படாமல். கழுவுவது நல்ல தண்ணீரில் மட்டும். கடலோரத்துப் போர்வெல் பாதி இடங்களில் கரிக்கும். அந்தத் தண்ணீரில் கழுவுவதற்குக் கழுவாமலே விடலாம்.

நிழல் இல்லாமல் இதெல்லாம் வீண். லாசுப்பேட்டையில் நிறுத்த இடம் என்ன, எத்தனை வருடத்துக்கு என்று எழுத்தில் வாங்கும்வரை முன்பணம் கொடுக்காதே. 2024 டிசம்பரில் இண்டிகோவின் ஏடிஆர் பயணிகள் விமானங்களோடு சேவை மறுபடி தொடங்கியதிலிருந்து அங்கே சின்ன விமானத்துக்கு முன்னுரிமை என்று எதிர்பார்க்க முடியாது. நெய்வேலியில் என்எல்சியின் ஓடுதளம் கடலைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே அனுமதி கிடைக்குமானால் உப்புக் கவலை பாதி குறையும். விசாரித்து வை.

புயலுக்கும் திட்டம் வேண்டும். 2011 டிசம்பர் 30இல் தானே, 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல், இரண்டும் நம் பக்கம்தான் கரையேறின. இந்த 172 விமானம் மணிக்கு 85 கிலோமீட்டர் வாக்கில் ஸ்டால் ஆகும், அதாவது அதற்குக் கீழே இறக்கை தாங்காது. அதற்கு மேல் காற்றடித்தால், நிற்கிற விமானமும் பறக்கத்தான் பார்க்கும். ஆகவே புயல் எச்சரிக்கை வந்தால் இரண்டு நாள் முன்பே பெங்களூர்ப் பக்கமோ கோவைப் பக்கமோ ஓட்டிப் போய்விட வேண்டும். முடியாவிட்டால் நைலான் கயிறு, ஒவ்வொன்றும் 1,300 கிலோவுக்கு மேல் தாங்குவது, இரண்டு இறக்கைக்கும் வாலுக்கும். தேங்காய் நார்க் கயிற்றை நம்பாதே.

இனி நீ ஆசைப்படும் பேனல். கண்ணாடித் திரை வேண்டாம் என்று சொல்லவில்லை, வரிசையில் அது கடைசி. முதலில், விமானம் விழுந்தால் இடத்தைச் சொல்லும் அவசர சிக்னல் கருவி, 406 மெகாஹெர்ட்ஸ் ஈஎல்டி, இருக்கிறதா பார். பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் சிக்னலைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி 1 முதல் கேட்பதில்லை. அடுத்து, அடிவானம் காட்டும் கருவியை ஓட்டும் வேக்யூம் பம்ப். அதற்குள் இருப்பது கார்பன் தகடுகள். உடையும்போது சொல்லிவிட்டு உடையாது, மேகத்துக்குள் அடிவானம் மெல்லச் சாய ஆரம்பித்த பிறகுதான் தெரியும். கார்மின் ஜி5 என்ற சின்னத் திரைக் கருவி இரண்டு போட்டு பம்பையும் குழாய்களையும் எடுத்துவிடுவதுதான் இந்த வயது விமானத்துக்குக் கொடுத்த காசுக்குப் பலன் தரும் மேம்பாடு. தனி பேட்டரி நான்கு மணி நேரம் வரை தாங்கும், எடையும் குறையும். பேனல் முழுக்கத் திரை வைப்பது விமானத்தின் விலையை விழுங்கிவிடும், விற்கும்போது திரும்பி வராது. அமெரிக்க எஸ்டிசி (மாற்றத்துக்கான அனுமதிச் சான்று) கையில் இருப்பது மட்டும் இங்கே போதாது, நம் விமானத் துறையான டிஜிசிஏ ஏற்றுக்கொள்ள வேண்டும். வேலை தொடங்குவதற்கு முன் அந்தக் காகிதத்தை முடி. வேலை முடிந்ததும் வேகமும் உயரமும் காட்ட உதவும் பிட்டோ-ஸ்டாட்டிக் குழாய்களின் கசிவுச் சோதனையும் புது எடைக் கணக்கும் கட்டாயம். நம் ஊரில் வரும் ரேடியோ இரைச்சல், திரை அணைந்து அணைந்து எரிவது எல்லாம் பெரும்பாலும் பச்சை பூத்த எர்த் இணைப்பால் வருவது. பெட்டியைக் கழற்றி அனுப்புவதற்கு முன் எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டிப் பார்.

என்ஜின் ஓவர்ஹாலுக்கு வந்துவிட்டதென்றால், அதே எச்2ஏடியைப் பிரித்துப் பூட்டாமல் 180 குதிரைத்திறன் ஓ-360க்கு மாறுவதை யோசி. புதுச்சேரி ஓடுதளம் அதிக உயரத்தில் இல்லாவிட்டாலும், மே மாதம் 38 டிகிரியில் காற்று இளகுவதால் என்ஜினுக்கு அது 2,800 அடி உயரம் மாதிரி. ஓடுதளம் 1,500 மீட்டர், அது தாராளம். ஏறும் வேகம்தான் செத்துப்போகும். 172என்னின் உச்ச எடை 1,043 கிலோ. வெறும் எடை சுமார் 660. டாங்கி நிறைய 151 லிட்டர் ஊற்றினால் அது 109 கிலோ. மிச்சம் 275 கிலோவுக்குள்தான் ஆளும் பெட்டியும். நான்கு சீட் இருக்கிறதே என்று நான்கு பேரை ஏற்ற முடியாது. ஏர் பிளெயின்ஸ் நிறுவனத்தின் 180 குதிரைத்திறன் மாற்றத்தில் ஃப்ளாப்பை 30 டிகிரிக்குள் கட்டுப்படுத்தினால் உச்ச எடை 1,157 ஆகக் கூடும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நல்ல என்ஜினை இதற்காக இறக்காதே.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏஆர்சி என்ற பறக்கும் தகுதிச் சான்று வருடா வருடம். உன் எஃப்ஏஏ லைசென்ஸை இந்திய லைசென்ஸாக மாற்றாமல் விடி எழுத்துள்ள, அதாவது இந்தியாவில் பதிவான விமானத்தை ஓட்ட முடியாது. அங்கிருந்தே ஒன்றை வாங்கி அனுப்பலாமா என்று ஓரத்தில் கிறுக்கியிருந்தாய். 2025 செப்டம்பர் 22 முதல் சொந்த உபயோக விமானத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அந்த யோசனையை அங்கேயே விட்டுவிடு. அமெரிக்காவின் புது மொசைக் விதிகள் பற்றி அவ்வளவு உற்சாகமாக எழுதியிருந்தாய். அங்கே ஸ்போர்ட் பைலட் என்ற எளிய லைசென்ஸ் உள்ளவர் இப்போது 172ஐ ஓட்டலாம், சரி. இங்கே அந்த வசதி இல்லை.

எரிபொருள்தான் இந்த விமானத்தின் எதிர்காலம். நல்ல சேதி, இந்தியன் ஆயில் 2022 செப்டம்பரில் வடோதரா குஜராத் ரிஃபைனரியில் இந்த என்ஜின் குடிக்கும் விமானப் பெட்ரோலான ஏவ்கேஸ் 100எல்எல் தயாரிக்க ஆரம்பித்தது. அதற்கு முன் எல்லாம் இறக்குமதி. மணிக்கு 30 லிட்டர் குடிக்கும், எந்த விமான நிலையத்தில் பீப்பாயாவது கிடைக்கும் என்று ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பே கேட்டுக்கொள். கெட்ட சேதி, அதில் ஈயம் இருக்கிறது, உலகம் அதைக் கைவிடப் பார்க்கிறது. அமெரிக்கா 2030 முடிவை இலக்காக வைத்திருக்கிறது. ஈயமில்லாத ஜி100யுஎல்லுக்கு 2022இல் எஃப்ஏஏ அனுமதி கிடைத்தது. ஆனால் பெயிண்ட் உரிகிறது, டாங்கி சீலன்ட் கெடுகிறது என்று புகார்கள் வருகின்றன. நீ வாங்கினால் அடுத்த சில வருடங்களுக்கு 100எல்எல்தான் என்று வைத்துக்கொள். கீழ் ஸ்பார்க் பிளக்குகளில் ஈயக் குண்டு கட்டும். தரையில் ஓடும்போது மிக்ஸ்சரில் (காற்று-பெட்ரோல் கலவையில்) பெட்ரோலைக் குறைத்து வை.

ரோட்டாக்ஸ் என்ற சின்ன என்ஜின் போட்ட குட்டி விமானம் வாங்கிப் பெட்ரோல் பங்க்கில் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ரோட்டாக்ஸ் 912க்கு எத்தனால் 10 சதவீதம் வரைதான் அனுமதி. இங்கே பங்க்கில் வருவது இ20, அதாவது 20 சதவீத எத்தனால். எத்தனால் நம் கரையின் ஈரத்தை உறிஞ்சும், டாங்கி அடியில் தண்ணீராகப் பிரியும், ரப்பர் வளையங்களை ஊதவைக்கும். ஏவ்கேஸையே ஊற்றினால் ஓடும், ஆனால் ஈயச் சேறு கியர்பாக்ஸ்வரை போகும், 25 மணிக்கொரு ஆயில் மாற்றம். எனக்குப் பிடித்த வழி, ஜெட் விமானங்களின் எரிபொருளான ஜெட் ஏ1 குடிக்கும் டீசல் என்ஜின். ஏர்லைன் இறங்கும் ஊரெல்லாம் ஜெட் ஏ1 உண்டு. நம் நாட்டுப் பயிற்சிப் பள்ளிகளில் டயமண்ட் விமானங்கள் சில அப்படித்தான் ஓடுகின்றன. செஸ்னாவுக்கும் காண்டினென்டல் சிடி-155 என்ற டீசல் என்ஜின் இருக்கிறது. அதில் ஓவர்ஹால் கிடையாது, 2,100 மணியில் என்ஜினையே மாற்ற வேண்டும். கம்ப்யூட்டர்தான் அதை ஓட்டுகிறது என்பதால், செத்த பேட்டரிக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து ஸ்டார்ட் செய்து அப்படியே பறந்துவிடக் கூடாது. ஒரு பழைய 172க்கு அதைப் பூட்டும் செலவில் இன்னொரு 172 வாங்கலாம்.

மின்சார விமானத்துக்காகக் காத்திராதே. 2020 ஜூனில் சான்று பெற்ற பிப்பிஸ்ட்ரெல் வெலிஸ் எலெக்ட்ரோவில் 24.8 கிலோவாட்-மணி பேட்டரி. ஏவ்கேஸ் கணக்கில் மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மோட்டார் வீணாக்காது என்பதைச் சேர்த்தாலும் பத்து லிட்டர் மாதிரிதான். 50 நிமிடம், அதற்கு மேல் ரிசர்வ். புதுச்சேரியிலிருந்து திருச்சி 97 கடல் மைல், மணிக்கு 90 கடல் மைல் வேகத்தில் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஓடுதளத்தைச் சுற்றிப் பயிற்சி செய்யும் பள்ளிக்கு அது அருமையான வண்டி, உனக்கு அல்ல.

லாக் புத்தகத்தில் ஓவர்ஹால் பதிவு, கடைசி மூன்று வருட ஆயில் மாற்றங்கள், ஏடி பட்டியல், எடைக் கணக்குத் தாள், இந்த நான்கையும் ஸ்கேன் செய்து அனுப்பச் சொல். பிப்ரவரியில் நீ வரும்போது லிஃப்டரோ சிலிண்டரோ கழற்ற விற்பவர் ஒத்துக்கொண்டால் நானும் டார்ச்சோடு வருகிறேன்.

அன்புடன்,
கலியமூர்த்தி