முள்காட்டைத் திறந்துவிட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வடகரப்பதி பக்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் எங்கள் தோட்டத்தில் முதல் பூசணியை அறுத்தோம். அம்மா அதைக் கையோடு தராசில் வைக்கச் சொன்னார். நாலே முக்கால் கிலோ. அந்தக் கொடி ஓடிய இடத்தில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆள் நுழைய முடியாது. அப்பா காலமாகி, கிணறும் வற்றியபின் ஒன்பது வருஷம் சும்மா கிடந்த ஒன்றேகால் ஏக்கர் அது. சீமைக்கருவேலம், உண்ணிமுள், நடுவே பார்த்தீனியம், கோரை.

ஜேசிபி வைத்து ஒரே நாளில் வழித்துவிடலாம் என்றுதான் பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நானும் பேசி முடித்திருந்தேன். முன்பணம் கொடுக்கக் கிளம்பிய அன்று வழியில் மறித்தவர், வருஷா வருஷம் உடுமலைப் பக்கமிருந்து ஆடு ஓட்டி வரும் பட்டிக்கார அண்ணன். "முள்ளோட சேத்து மேல்மண்ணும் போயிரும் அம்மிணி. அப்புறம் எதுல வெள்ளாமை பண்ணுவீங்க?" என்றார். அண்ணா, முதல் நன்றி உங்களுக்கு.

அவர் உடனே ஆடுகளை உள்ளே விட்டுவிடவில்லை. காட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, இரண்டு வேலை சொன்னார். உண்ணிமுள்ளை முதலில் வெட்டி அப்புறப்படுத்த வேண்டும். அதைத் தின்ற ஆட்டுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்ட இடமெல்லாம் தோல் வெந்து, முகம் வீங்கிப்போகும். கீழே உதிர்ந்து கிடக்கும் கருவேலங்காய்களையும் பொறுக்கிவிட வேண்டும். அந்தக் காய் இனிப்பு, ஆடு விடாது. ஆனால் அசைபோட்டும் சாகாமல் தப்பும் விதை புழுக்கையோடு விழுந்து முளைக்கும். ஆடு விட்டால் முள் ஒழியும் என்று நம்பிக்கொண்டிருந்த எனக்கு, ஆடே முள்ளை விதைக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தக் காய்களைச் சாக்குச் சாக்காகப் பொறுக்கித் தந்தவர்கள் நம்மூர்த் தமிழ் வழிப் பள்ளிப் பிள்ளைகள். கண்ணுகளா, உங்கள் விரலில் முள் குத்தியதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வெள்ளாடுகள் ஒன்பது நாள் மேய்ந்தன. பின்னங்காலில் நின்று, எட்டின மட்டும் தழையையும் கொடியையும் உருவிவிட்டன. புதர் கலைந்து அடிமரம் வெளியே தெரிந்த பிறகுதான் எங்களால் கிட்டவே போக முடிந்தது. வெட்டினால் மட்டும் சீமைக்கருவேலம் சாகாது, மண்ணுக்குள் இருக்கும் கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கும். ஒவ்வொன்றையும் ஓர் அடி ஆழத்துக்குத் தோண்டி எடுத்தார்கள் எங்கள் குடும்பஸ்ரீ மகளிர் குழு அக்காமார்கள். பங்குனி வெயிலில், கடப்பாரையோடு! கூலி கொடுத்தேன்தான். ஆனால் கூலிக்குச் செய்கிற வேலையாக அது இல்லை.

பால் சங்கத்துக்குப் பால் ஊற்றும் பக்கத்து வீட்டு அக்கா தன் இரண்டு மாடுகளையும் எங்கள் புல்லில் முளையடித்துக் கட்டினார். பார்த்தீனியத்தைத் தின்றால் பால் கசக்கும் என்பதால், நாங்கள் அதைப் பூக்கும் முன்பே பிடுங்கிக்கொண்டு முன்னால் போவோம்; தினமும் காலையில் அவர் முளையை ஒரு கயிறு தூரம் தள்ளி அடிப்பார். மேய்ந்த இடமெல்லாம் வட்டம் வட்டமாக, அடுக்கி வைத்த தட்டுகள் மாதிரி தெரியும்.

வைகாசியில் பட்டிக்கார அண்ணன் செம்மறிகளோடு திரும்பி வந்து, படல் கட்டி, மண்ணுக்கு எரு கிடைக்க ஆறு இரவு ஆடுகளை உள்ளே அடைத்துப் பட்டி போட்டார். முதல் நாள் விடிகாலையில் போய்ப் பார்த்தேன். படல் இருந்த இடம் முழுக்கக் கறுப்பாகப் புழுக்கை, மூத்திர வாடை கண்ணைக் கரித்தது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்தார். "ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்னு உங்கப்பா சொல்வாரு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அப்புறம் மூடாக்கு, அதாவது ஈரம் காயாமல் மண்ணைச் சருகாலும் ஓலையாலும் மூடி வைப்பது. கேரளம் என்றாலே மழை என்று வெளியூரில் நினைக்கிறார்கள். மாநிலச் சராசரி 3,000 மி.மீ. பக்கம் இருக்கலாம், பாலக்காட்டுக் கணவாயின் இந்தக் கிழக்கு ஓரத்துக்கு அதில் பாதிகூட வருவதில்லை. பெய்ததை மண்ணிலேயே பிடித்து வைக்காவிட்டால் நமக்கு விவசாயம் இல்லை. தென்னந்தோப்புக்காரர்கள் ஓலையும் மட்டையும் கொடுத்தார்கள், வேலந்தாவளம் காய்கறிச் சந்தையிலிருந்து வாழைச்சருகும் கழிவுத் தழையும் வந்தன, மளிகைக்கடைத் தம்பிகள் அட்டைப்பெட்டிகளை டேப் உரித்தே எடுத்து வைத்தார்கள். முதல் முறை அவசரப்பட்டுக் காய்ந்த மண்மேல் போட்டுவிட்டேன். சின்னத் தூறல் எல்லாம் ஓலையோடு நின்றுவிட்டது, கீழே கரையான்தான் ஏறியது. ஐப்பசி மழையில் மண் நன்றாக நனைந்த பிறகு, செடி வரும் இடத்தில் படாமல் ஒரு சாண் விட்டு மறுபடி பரப்பச் சொல்லித் தந்தவர் கிருஷி பவன் என்கிற அரசு வேளாண் அலுவலகத்திலிருந்து வந்த தம்பி. கோரை மட்டும் அட்டையையும் துளைத்துக்கொண்டு வந்தது. அதை இன்னும் கையால்தான் எடுக்கிறோம்.

அந்த ஈரத்தில் கொள்ளும் தட்டைப்பயறும் விதைத்தோம். மறு வருஷம் அவரை, மரவள்ளி, பூசணி. மாசியில் ஒரு நாள் ஓலையைத் தூக்கிப் பார்த்தால், அடியில் வெள்ளை நூல் ஓடியதுபோலப் பூஞ்சாணம், பக்கத்தில் மண்புழு நெளிகிறது. சுற்றிலும் மண்ணெல்லாம் வெடித்துக் கிடக்கிற மாசியில்! மட்கும் குப்பையில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுத் தென்னைக்கு வினையாகும் என்று பயந்திருந்தேன். எதிர்வீட்டு அப்புச்சி தன் நாட்டுக்கோழிகளைத் திறந்துவிட்டார். குப்பையைச் சீய்த்துப் புழுக்களைப் பொறுக்கித் தின்றுவிட்டன. அப்புச்சி, அவரைக்காய் உங்களுக்குத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

பட்டிக்கார அண்ணா, வருகிற வைகாசியில் தெற்குப் பாத்தியைக் காலியாக விட்டுவைக்கிறேன். படலை அங்கேயே கட்டிக்கொள்ளலாம்.

சருகு கொண்டுவந்த சாக்குகள் பதினான்கு இன்னும் எங்கள் திண்ணையில் கிடக்கின்றன. துவைத்து மடித்து வைத்திருக்கிறோம். யாருடையது என்று சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் சாக்காகக் கொடுத்தனுப்ப அம்மா சம்மதிக்க மாட்டார்.