ஹாட் ராடின் பின்பக்க சஸ்பென்ஷன்: ஒரு வரியில் முடிகிற விஷயமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் வார இணைப்பில் அமெரிக்க ஹாட் ராடுகளைப் பற்றி, அதாவது பலமான எஞ்சின் வைத்து மாற்றிக் கட்டிய பழைய கார்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எஞ்சின், பெயிண்ட், குரோம் வேலை, கூரையை வெட்டித் தாழ்த்துவது எல்லாம் விரிவாக இருந்தது, படங்களும் கண்ணைப் பறித்தன. ஆனால் பின்பக்க சஸ்பென்ஷனைப் பற்றி, அதாவது பின் சக்கரங்களின் அச்சை வண்டியோடு இணைத்துத் தாங்குகிற அமைப்பைப் பற்றி, அவரவர் வசதிக்கும் காசுக்கும் ஏற்றபடி ஏதாவது ஒன்றைப் பொருத்திக்கொள்கிறார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நான் தெற்குக் கலிஃபோர்னியாவில் இருக்கிறேன், நண்பர்களோடு சேர்ந்து பழைய ஃபோர்டு வண்டிகளில் வேலை செய்கிறவன். இங்கே ஒரு வண்டி வீட்டு வாசலைவிட்டு நிம்மதியாக வெளியே போய் வருமா, இல்லை கண்காட்சியில் மட்டும் நிற்குமா என்பதைப் பெரும்பாலும் அந்த 'ஏதாவது ஒன்று'தான் முடிவு செய்கிறது.

ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் 1908இல் மாடல் டி வண்டியைக் கொண்டுவந்தபோது பின்னால் வைத்தது குறுக்குவாட்டில் ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். ஹாட் ராடு ஆட்கள் உயிரை விடுகிற மாடல் ஏ, 1932 வி8 என்று 1948 வரை வந்த ஃபோர்டு கார்களில் எல்லாம் அடிப்படையில் அதே ஏற்பாடுதான், 1949 மாடலில்தான் பின்பக்கம் நீளவாக்கில் இரண்டு பட்டை ஸ்பிரிங் வந்தது. இதில் பலரும் கவனிக்காமல் விடுவது டார்க் டியூப். எஞ்சினின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் வெளியே தெரியாமல் ஒரு கனமான குழாய்க்குள் ஓடும், அந்தக் குழாயின் ஒரு முனை பின் அச்சின் உறையான ஆக்சில் ஹவுசிங்கோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கும், மறுமுனை கியர்பாக்ஸின் பின்னால் ஒரு பந்து மூட்டில் உட்கார்ந்திருக்கும். சக்கரம் வண்டியை முன்னால் தள்ளுகிற விசை அந்தக் குழாய் வழியாகத்தான் போகும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஆக்சில் தன்னைத்தானே எதிர்ப்பக்கம் சுற்றிக்கொள்ளப் பார்க்குமே, அதைத் தடுத்ததும் அந்தக் குழாய்தான். ஸ்பிரிங்குக்கு முக்கிய வேலை எடை தாங்குவது, கூடவே பக்கவாட்டில் கொஞ்சம் பிடிப்பு.

இப்போது ஒருவர் 1931 மாடல் ஏ வாங்கி, அதில் செவர்லே 350 எஞ்சினையும் புதிய காலத்து கியர்பாக்ஸையும் வைக்கிறார் என்று வையுங்கள். ஷாஃப்ட் திறந்த ஷாஃப்ட் ஆகிவிடுகிறது, டார்க் டியூப் போய்விடுகிறது. பின்னால் குறுக்கு ஸ்பிரிங் மட்டும் அப்படியே இருப்பதால் சஸ்பென்ஷன் பழையபடியே இருப்பதுபோலத் தெரியும். இல்லை. ஆக்சில் சுற்றாமல் பிடித்துக்கொண்டிருந்த ஆள் வேலையை விட்டுப் போயாயிற்று, அந்த இடத்துக்கு யாரை வைக்கப் போகிறோம் என்பதுதான் கேள்வி. சுருளான காயில் ஸ்பிரிங்கா, பட்டையா, ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ஏர் பேகா என்று கேட்பது அதற்கு அப்புறம் வரவேண்டியது. ஆக்சில் முன்னும் பின்னும் போகக்கூடாது, பக்கவாட்டில் போகக்கூடாது, சுற்றக்கூடாது. ஆனால் மேலும் கீழும் தாராளமாகப் போகவேண்டும், ஒரு சக்கரம் மட்டும் தனியாக ஏறினாலும் முரண்டு பிடிக்கக்கூடாது. எந்த அமைப்பைப் பார்த்தாலும் இதை வைத்துத்தான் நான் எடை போடுவேன்.

லேடர் பாரை எடுத்துக்கொள்ளுங்கள், அதிகம் தப்பாகப் பொருத்தப்படுவது அதுதான். பக்கத்துக்கு ஒன்றாக ஏணி மாதிரி இரண்டு சட்டங்கள், ஒவ்வொன்றும் ஆக்சிலில் மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு போல்ட்டில் இறுகியிருக்கும், முன்முனையில் ஒரே மூட்டு. ஆக்சில் சுற்றுவதைத் தடுப்பதில் இதற்கு நிகர் குறைவு, நேர்கோட்டில் கால் மைல் ஓடுகிற டிராக் ரேஸ் வண்டிகளில் இது பேர் வாங்கியது சும்மா இல்லை. தெருவில்தான் வம்பு. இரண்டு சட்டங்களையும் அகலமாக, ஒன்றுக்கொன்று இணையாக வைத்துவிட்டு, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மேட்டில் ஏறினால், அந்தப் பக்கச் சட்டம் ஆக்சிலை ஒரு கோணத்துக்குத் திருப்பப் பார்க்கும், மற்றது விடாது. நடுவில் மாட்டிக்கொண்ட ஆக்சில் ஹவுசிங் ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்கப்படும். நண்பர் ஒருவரின் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தபோது, பின்னால் இருந்தது ஃபோர்டு 9 இன்ச் ஆக்சில், உரத்துக்குப் பேர் போனது, அதன் குழாயில் லேடர் பார் பிராக்கெட்டை வெல்டிங் செய்த ஓரத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல், அதன் விளிம்பில் துரு கசிந்து காவி நிறத்தில் ஒரு கோடு. வெல்டிங் நல்ல வெல்டிங்தான், ஆனால் தினம் தினம் முறுக்கினால் அது என்ன செய்யும்? கிட் விற்ற கடை அதைத் தெருவுக்கு என்று சொல்லியே விற்றிருக்கிறது, எனக்கு அதில்தான் கோபம்.

இதே லேடர் பாரின் முன்முனைகளை நடுவுக்குக் கொண்டுவந்து, ஷாஃப்ட் கியர்பாக்ஸோடு சேரும் மூட்டான யூ ஜாயிண்டுக்குப் பக்கத்தில் அருகருகே வைத்தால் இந்த முறுக்கல் பெருமளவு குறைந்துவிடுகிறது. மேலிருந்து பார்த்தால் 'வி' வடிவம், பழைய ஃபோர்டில் ஆக்சிலைப் பிடித்திருந்த ரேடியஸ் ராடுகள் டார்க் டியூபை நோக்கிக் குவிந்த அதே வடிவம். பழைய தோற்றம் வேண்டும், குறுக்கு ஸ்பிரிங் வெளியே தெரியவேண்டும் என்கிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

அடுத்து ஃபோர் பார். நான்கு இணைக் கம்பிகள், ஆக்சில் ஏறி இறங்கினாலும் பினியனின், அதாவது ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்சில் பல்சக்கரத்தின், கோணம் மாறாது, ஒரு சக்கரம் மட்டும் ஏறினாலும் மூட்டுகளில் உள்ள புஷ்கள் விட்டுக்கொடுக்கும். ஆனால் பக்கவாட்டில் பிடிப்பே கிடையாது, அதற்கு ஒரு முனை சேஸியிலும் மறுமுனை ஆக்சிலிலும் மாட்டுகிற குறுக்குக் கம்பியான பான்ஹார்டு பார் கட்டாயம். அதை இடம் கிடைத்த மூலையில் சாய்வாக மாட்டிவிடுகிறார்கள். 600 மில்லிமீட்டர் பார் ஒன்று, வண்டி நிற்கும்போது மட்டமாக இருந்தால், ஆக்சில் 50 மில்லிமீட்டர் ஏறும்போது பக்கவாட்டில் நகர்வது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான், யாருக்கும் தெரியாது. அதே பார், ஆக்சில் பக்க முனை சேஸி பக்க முனையைவிட 100 மில்லிமீட்டர் உயரமாக நின்றால், அதே 50க்கு ஏறக்குறைய 11 மில்லிமீட்டர் நகரும். ஒவ்வொரு மேட்டிலும் வண்டியின் பின்பக்கம் நடை மாறுவது ஸ்டியரிங்கிலேயே தெரியும், ஃபெண்டர் உள்ள வண்டியானால் டயரும் உரசும். பார் எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது, மட்டமாக இருப்பது அதைவிட முக்கியம்.

பான்ஹார்டு பாருக்கு இடமே இல்லையென்றால் மேல் கம்பிகள் இரண்டையும் சாய்த்து வைக்கிற முக்கோண ஃபோர் பார் இருக்கிறது. 1964 செவர்லே ஷெவல் தொழிற்சாலையிலிருந்தே இப்படித்தான் வந்தது, ஆகவே சோதித்துப் பார்த்த சங்கதி. மேல் கம்பிகளுக்கு நல்ல சாய்வு வேண்டும், அந்த இடத்தில்தான் சைலன்சர் குழாயும் பெட்ரோல் டாங்கும் போட்டிக்கு வரும். புஷ் ரப்பராக இருக்கட்டும். கெட்டியான யூரித்தேன் இதில் மூட்டை இறுக்கிவிடும், பந்தய வண்டியின் உலோக மூட்டான ராடு எண்டு தெருத் தூசியில் தேய்ந்து கடகடக்கும்.

யாரும் பெருமையாகப் பேசாத நீளவாக்குப் பட்டை ஸ்பிரிங்கைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் ஊர் அம்பாசடரின் பின்னால் இருந்த அதே முறை. எடை தாங்குவது, முன்பின் பிடிப்பது, பக்கவாட்டில் பிடிப்பது, சுற்றாமல் பிடிப்பது எல்லாவற்றையும் அந்த இரண்டு பட்டைகளே பார்த்துக்கொள்ளும், கம்பியும் வேண்டாம், பான்ஹார்டும் வேண்டாம். எஞ்சின் பலம் மிக அதிகமானால் பட்டை வளைந்து ஆக்சில் குதிக்கும், உண்மைதான். குடும்பத்தோடு போய் வருகிற மிதமான வண்டிக்கு அந்தக் கவலை வராது. என்னைக் கேட்டால் முதல்முறை வண்டி கட்டுகிறவர் பட்டை ஸ்பிரிங் வைப்பதில் எந்தக் குறைவும் இல்லை. ஜாகுவாரிலிருந்து கழற்றுகிற தனிச் சக்கர சஸ்பென்ஷன் அழகோ அழகு, 1961 ஈ-டைப்பில் வந்தது, அடியில் குரோம் பூசி வைத்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பிரேக் டிஸ்க் சக்கரத்தில் இல்லாமல் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலை ஒட்டி உள்ளே இருப்பதால் பிரேக் வேலை வரும் நாளில் அந்த அழகுக்கு விலை கொடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

சுருள் ஸ்பிரிங்கைத் தன்மேல் சுற்றிக்கொண்ட ஷாக் அப்சார்பரான காயில் ஓவர் ஷாக் போடுகிறவர்களுக்கு ஒன்று: ஷாக்கைச் சாய்க்கச் சாய்க்க ஸ்பிரிங்கின் பலம் குறையும். செங்குத்திலிருந்து 15 டிகிரி சாய்த்தால் 93 சதவீதம் மிஞ்சும், 30 டிகிரியில் 75, 45 டிகிரியில் பாதிதான். படத்தில் பார்க்க ஜோராக இருக்கிறதென்று நிறையச் சாய்த்துவிட்டு, வண்டி அடியில் இடிக்கிறது என்று மேலும் மேலும் கெட்டியான ஸ்பிரிங் வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பிராக்கெட்டுகளைப் புள்ளி வெல்டிங்கோடு நிறுத்திவிட்டு, ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு, ஆக்சிலை ஜாக்கியால் மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள், அப்புறம் ஒரு பக்கத்தை மட்டும் ஏற்றிப் பாருங்கள். வழவழவென்று ஏறி இறங்கவேண்டும். எங்காவது இறுகினால், அந்த இடத்தில்தான் பின்னாளில் விரிசல் விழும். கியர்பாக்ஸ் ஷாஃப்டும் பினியனும் பக்கவாட்டிலிருந்து பார்க்க இணையாக இருக்கின்றனவா என்றும் அப்போதே பாருங்கள், பட்டை ஸ்பிரிங் என்றால் மட்டும் பினியன் மூக்கை ஓரிரு டிகிரி தாழ்த்தி வையுங்கள், மிதிக்கும்போது அது தானே மேலே வரும். முழு வெல்டிங் முடிந்த பிறகு இதையெல்லாம் திருத்துவதென்றால் கிரைண்டரைத்தான் எடுக்கவேண்டும்.

அடுத்து ஹாட் ராடு பற்றி எழுதும்போது, வண்டியின் அடியில் படுத்து எடுத்த படம் ஒன்றாவது போடும்படி கேட்டுக்கொள்கிறேன். லேடர் பார் வண்டியாக இருந்தால் சட்டங்களின் முன்முனை எங்கே மாட்டியிருக்கிறது என்பது தெரிகிற மாதிரி இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தெற்குக் கலிஃபோர்னியா